முள்ளம்பன்றிகள் ஃபைனலுக்கு வந்த முகூர்த்தம்

நியூவர்க் விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி என் பாஸ்போர்ட்டைப் புரட்டியபடி, வந்த காரணத்தைக் கேட்டார். இந்த ஒரு கேள்விக்காக விமானத்தில் பதினாறு மணி நேரம் ஒத்திகை பார்த்திருந்தேன். "மகளுக்கு நிச்சயதார்த்தம், டெக்சஸில்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஈரோட்டில் முப்பது வருடமாகக் கல்யாணப் பத்திரிகை அச்சடித்துப் பிழைப்பவன் நான். எதிரே மனிதர் நின்றால் கை தானாகப் பைக்குள் போய்ப் பத்திரிகையை எடுத்து நீட்டிவிடும். நீட்டிவிட்டது.

அவர் ஆங்கிலப் பக்கத்தை நிதானமாகப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுபடி பத்திரிகையைப் பார்த்தார்.

"டெக்சஸில். இந்தத் திங்கட்கிழமை அல்ல, அடுத்த திங்கட்கிழமை. மாலை ஏழு மணிக்கு."

"ஆமாம் சார்."

"மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியுமா?"

நிச்சயதார்த்தம் மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியுமா என்று ஓர் அரசாங்கம் கேட்கிறது. தெரியும் என்றேன். அவர் பத்திரிகையைப் பக்கத்துக் கண்ணாடிக் கூண்டில் இருந்தவரிடம் காட்டினார். இருவரும் சிரித்தார்கள். "வாழ்த்துகள். உங்களுக்கு அது நிறையத் தேவைப்படும்" என்று சொல்லி அனுப்பிவைத்தார். அச்சுப்பிழையா, அச்சானியமா என்று தெரியாமல், பெட்டி வரும் வரை அந்தப் பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். ஒரு புள்ளிகூடத் தவறில்லை.

வெளியே என் மனைவியின் தம்பி குமரேசன் காத்திருந்தான். நியூ ஜெர்சியில் மான்மவுத் ஜங்ஷன் என்கிற ஊரில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறான். நடந்ததைச் சொன்னேன். சிரிப்பான் என்று பார்த்தால், காரை ஓரங்கட்டினான். அமெரிக்காவில் காரை ஓரங்கட்டுகிறார்கள் என்றால் ஒன்று போலீஸ், இல்லை மரணச் செய்தி.

"மாமா, உங்களுக்கு விஷயம் தெரியாதா? நீங்க ஃப்ளைட்ல இருக்கறப்போ செமி ஃபைனல் முடிஞ்சிருச்சு. முள்ளம்பன்றி ஜெயிச்சிருச்சு."

இங்கே சம்பந்தியை அறிமுகம் செய்துவிடுகிறேன். பெயர் ராஜமாணிக்கம். கரூர்க்காரர். முப்பது வருடத்துக்கு முன் மேல்படிப்புக்கு வந்து, டெக்சஸில் ஆலன் என்கிற ஊரில் வேர்விட்டவர். தங்கமான மனிதர். அவர் படித்த கல்லூரியின் பெயர் என் வாயில் நுழையாது. அந்தக் கல்லூரிக்கு ஒரு ஃபுட்பால் அணி உண்டு. ஃபுட்பால் என்றால் நம் ஊர் ஆட்டம் இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கட்டிக்கொண்டு ஒருவன் ஓட, பத்துப் பேர் அவன்மேல் மளிகை மூட்டை போல விழுவார்களே, அது. அணியின் சின்னம் முள்ளம்பன்றி. வீடியோவில் பேசும்போதெல்லாம் அவர் தலைக்குப் பின்னால் ஒரு முள்ளம்பன்றிப் படம் தெரியும். ஏதோ குலதெய்வத்தின் வாகனம் போலிருக்கிறது என்று நான் இரண்டு முறை கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் மறுக்கவில்லை. இப்போது புரிகிறது, ஏன் மறுக்கவில்லை என்று.

"ஜெயிச்சா நல்லதுதானேடா?"

"ஃபைனல் என்னைக்குன்னு நினைக்கறீங்க? உங்க திங்கக்கிழமைதான். ஆறரைக்கு ஆரம்பம். நீங்க ஏழு மணிக்குத் தட்டைத் தூக்கறப்போ அங்கே ஆட்டம் சூடு பிடிச்சிருக்கும். முப்பது வருஷத்துல ஒரு தடவைகூட அவங்க ஃபைனலுக்கு வந்ததில்லை மாமா. அந்த மனுஷன் இதுக்காகவே உயிரோட இருக்காரு."

ஐப்பசியில் பேசி முடித்தபோது, "நீங்க நல்ல நேரம் பாத்துச் சொல்லுங்க சம்பந்தி, எங்களுக்கு எல்லா நாளும் ஒண்ணுதான்" என்று அவர் சொன்னது உண்மை. அப்போது முள்ளம்பன்றிகள் முதல் மூன்று ஆட்டங்களில் இரண்டில் தோற்றிருந்தனவாம். எல்லா நாளும் ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

வீட்டுக்குப் போனதும் குமரேசனின் மனைவி மூன்று வகைக் குழம்பு வைத்திருந்தாள். எதுவும் இறங்கவில்லை. மூன்றையும் சாப்பிட்டேன் என்பது வேறு விஷயம். சாப்பிட்டுவிட்டுச் சம்பந்திக்கு ஃபோன் போட்டேன். "ஏதோ மேட்ச் இருக்கறதா கேள்விப்பட்டேன்" என்று இழுத்தேன்.

"அட விடுங்க சம்பந்தி" என்றார். "கல்யாணம் முக்கியமா, பந்து முக்கியமா? அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க." குரல் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வந்தது.

இதிலே ஒரு சிக்கல். பெண்ணைப் பெற்றவன், அச்சடித்த முகூர்த்தத்தைத் தானாக மாற்றினால், பெண் வீட்டில் ஏதோ தடுமாற்றம் என்று பேச்சு வரும். பையனைப் பெற்றவர் மாற்றச் சொன்னால், பந்துக்காகப் பெண் வீட்டைக் கேவலப்படுத்தினார் என்று பேச்சு வரும். ஆகவே இரண்டு பேரும் மரியாதையாக இருந்தோம். மரியாதையால் குடும்பங்கள் கெட்ட அளவுக்குச் சண்டையால் கெட்டதில்லை. நாளைக்குப் பேரன் பேத்தி பிறந்தாலும் அந்த மனிதர் என்னைப் பார்க்கும்போது என்ன நினைப்பார்? முப்பது வருடத்தில் ஒரே ஒரு சாயங்காலம், அதைத் தின்றவன் இவன். என் பெண் அந்த வீட்டுக்குப் போய் வாழவேண்டும்.

ஈரோட்டு ஜோசியருக்கு ஃபோன் போட்டு நேரத்தைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்த முடியுமா என்று கேட்டேன். "அந்த ஒரு மணி நேரந்தானுங்க. நகத்துனா லக்னம் போயிருமுங்க" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் குமரேசன், மனம் ஆறுதலாக இருக்கட்டும் என்று, நியூ பிரன்ஸ்விக் கூட்டிப்போனான். கல்லூரி ஃபுட்பாலின் முதல் ஆட்டம் அங்கேதான் நடந்ததாம். துக்க வீட்டுக்காரனை மயானத்துக்குச் சுற்றுலா கூட்டிப்போகிற மாதிரி. போய்ப் பார்த்தால் ஓர் உடற்பயிற்சிக் கூடம், ஒரு கார் நிறுத்துமிடம். நம் ஊரில் இதற்கு ஒரு வளைவும், ஒரு சிலையும், சிலையைத் திறந்து வைத்தவருக்கு இன்னொரு சிலையும் வைத்திருப்போம். மார்கழிக் குளிரில் காது இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"பக்கத்துப் பக்கத்துக் காலேஜுங்க மாமா. ஒரு பக்கத்துக்கு இருபத்தஞ்சு பேர். முதல் ஆட்டம் இவங்க ஜெயிச்சாங்க. அடுத்த வாரம் அவங்க ஊர்ல ஆடினாங்க, அவங்க ஜெயிச்சாங்க."

"மூணாவது?"

"மூணாவதுதான் நடக்கவே இல்லை. பசங்க படிப்பு கெடுதுன்னு வாத்தியாருங்க நிறுத்திட்டதா சொல்றாங்க."

அந்த வாத்தியார்களை நினைத்து அந்தக் கார் நிறுத்துமிடத்தில் நின்று மனமாரக் கும்பிட்டேன். ஃபைனல் என்கிற சனியனை முளையிலேயே கிள்ளப் பார்த்த உத்தமர்கள். யாரும் அவர்கள் பேச்சைக் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் கலிபோர்னியா. சன்னிவேலில் மகள் யாழினி வேலை பார்க்கிறாள். என் மனைவி சாந்தி ஒரு மாதம் முன்பே அங்கே வந்து, நிச்சயதார்த்தப் புடவைக்கு ஜாக்கெட் தைக்கிற சாக்கில் மகளின் சமையலறையைக் கைப்பற்றியிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் சாந்தி சொன்னது ஒரே வாக்கியம்: "ஊர்ல இருக்கறவங்க முகூர்த்தத்தை எல்லாம் அச்சடிச்சீங்க, சொந்தப் பொண்ணுக்கு வந்தப்போ கோட்டை விட்டுட்டீங்க."

"அப்பா, ப்ளீஸ் இதைப் பெருசாக்காதீங்க" என்றாள் யாழினி. "கார்த்திக் ஓகேன்னு சொல்லிட்டான். அவங்கப்பாவும் ஓகேன்னு சொல்லிட்டார். எல்லாரும் ஓகே. நீங்க ஒருத்தர்தான் பேனிக் ஆகறீங்க." சொல்லிவிட்டு நகத்தைக் கடித்தாள். அவள் ஏழாம் வகுப்புக்குப் பிறகு நகம் கடித்து நான் பார்த்ததில்லை.

அன்று மதியம் எல் காமினோ ரியல் சாலையில் ஓர் உணவகத்தில் பள்ளிபாளையம் சிக்கன் சாப்பிட்டோம். பள்ளிபாளையம், என் அச்சகத்திலிருந்து ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் வரும் ஊர். அங்கே போய்ச் சாப்பிட எனக்கு நேரம் கிடைத்ததில்லை. இங்கே தேங்காய்ச் சில்லு பெரிதாக இருந்தது. காரம், குழந்தைகள் வார்டுக்குச் செய்தது.

நான்காம் நாள் தனியாக ரயில் ஏறி சான் பிரான்சிஸ்கோ பார்த்து வருகிறேன் என்று வீராப்பாகக் கிளம்பினேன். ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு வெள்ளைப் பேருந்து நின்றது. கறுப்புக் கண்ணாடி, பெயர்ப் பலகை இல்லை. சனங்கள் வாயைத் திறக்காமல் வரிசையில் ஏறினார்கள். ரயிலுக்குப் பதில் பேருந்து விட்டிருக்கிறார்கள் என்று நானாக முடிவு செய்தேன். எல்லோரும் கழுத்தில் தொங்கிய அட்டையைத் தூக்கிக் காட்டினார்கள். நான் ரயில் அட்டையைத் தூக்கிக் காட்டினேன். ஓட்டுநர் தலையாட்டினார். நம் ஊர் நடத்துநரிடம் இந்த வேலை நடந்திருக்காது.

பக்கத்து இருக்கையில் நரைத்த தாடிக்காரர் ஒருவர் மடிக்கணினியில் ஃபுட்பால் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த ஃபைனல் எவ்வளவு முக்கியம்?" என்று கேட்டேன். பேருந்திலேயே முதல் பேச்சுச் சத்தம் என்னுடையதுதான். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். தாடிக்காரர் முகம் மலர்ந்தது. யாராவது கேட்க மாட்டார்களா என்று பல வருடமாக அந்தப் பேருந்தில் போய்வந்திருக்கிறார் போலும்.

அவர் சொன்னதை என் அறிவுக்கு எட்டிய வரை சொல்கிறேன். ரொம்ப காலம் இவர்களுக்கு ஃபைனலே கிடையாது. புத்தாண்டையொட்டி ஊருக்கு ஒரு விருந்து ஆட்டம் நடக்கும். அந்த ஆட்டங்களுக்கு ரோஜா, ஆரஞ்சு, சர்க்கரை, பருத்தி என்று பெயர். நிச்சயதார்த்தத் தட்டில் வைக்கும் சாமான் பட்டியலேதான், வெற்றிலை பாக்கு மட்டும் பாக்கி. எல்லாம் ஆடி முடித்தபின் பத்திரிகைக்காரர்கள் ஓட்டுப் போட்டு நாட்டிலேயே சிறந்த அணி எது என்று அறிவிப்பார்கள். பயிற்சியாளர்கள் தனியாக ஓட்டுப் போட்டு வேறோர் அணியை அறிவிப்பார்கள். ஒரே வருடத்தில் இரண்டு சாம்பியன், இரண்டு ஊர்வலம். பெரியப்பா ஒரு மாப்பிள்ளையும் தாய்மாமன் ஒரு மாப்பிள்ளையும் பார்த்து வைத்திருப்பார்களே, அப்படி.

சண்டை முற்றிப்போய், ஓட்டோடு கம்ப்யூட்டரையும் சேர்த்தார்கள். அது கணக்குப் போட்டு, இந்த இரண்டு அணிகளுக்கும்தான் பொருத்தம் என்று சொல்லும். அவர்கள் ஃபைனல் ஆடுவார்கள். பத்துக்கு எட்டுப் பொருத்தம் இருந்தும் வேண்டாம் என்று சொன்னதாகக் கம்ப்யூட்டர்மேல் ஊரே காறித் துப்பியது. அப்புறம் பெரிய மனிதர்கள் குழு ஒன்று ஓட்டல் அறையில் உட்கார்ந்து நாலு அணிகளைப் பொறுக்கியது. ஐந்தாவது அணிக்காரர்கள் அழுதார்கள். இப்போது பன்னிரண்டு. பதின்மூன்றாவது அணிக்காரர்கள் அழுகிறார்கள்.

"பழைய முறையாக இருந்தால், முதலிலேயே இரண்டு ஆட்டம் தோற்ற அணியை யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்" என்றார். "பன்னிரண்டாக்கியதால்தான் முள்ளம்பன்றிகள் உள்ளே வந்தார்கள்."

அந்தப் பெரிய மனிதர்கள் குழுவை மனதுக்குள் கோயமுத்தூர் பாஷையிலும் ஈரோட்டு பாஷையிலும் தனித்தனியாகத் திட்டினேன். பிறகு என் கதையைச் சொன்னேன். தாடிக்காரர் கேட்டுவிட்டு மடிக்கணினியை மெதுவாக மூடினார்.

"முப்பது வருடம் என்றா சொன்னீர்கள்?"

"முப்பது."

"அந்த மனிதரை உங்களுக்குப் பிடிக்காதா?"

பேருந்து நின்றது சான் பிரான்சிஸ்கோவில் இல்லை. ஒரு கம்பெனியின் வளாகத்துக்குள். காவலாளி மிகுந்த மரியாதையோடு என்னை உட்கார வைத்து, காப்பி கொடுத்து, நான் யார் என்று நாலு விதமாகக் கேட்டார். யாழினி வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து என்னை ஒப்படைப்பு வாங்கிக்கொண்டு போனாள். காவலாளியிடம் பத்திரிகை கொடுத்தேனா என்று சாந்தி கேட்டாள். கொடுத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை மூவரும் டாலஸில் இறங்கினோம். மாப்பிள்ளைப் பையன் கார்த்திக் காரோடு வந்திருந்தான். இங்கேயே பிறந்தவன், தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும். "அப்பா எப்படி இருக்காரு தம்பி?" என்று கேட்டேன்.

"ஹீ இஸ் ஃபைன், அங்கிள்." ஃப்ரீவேயில் இரண்டு மைல் போனான். "ஆக்சுவலி, ஹீ இஸ் நாட் ஃபைன்."

ஆலனில் சம்பந்தி வீட்டு ஹாலுக்குள் நுழைந்தோம். சுவர் முழுக்க ஆணிகள். ஆணிகளுக்குக் கீழே, படங்கள் இருந்த இடமெல்லாம் வெளுத்த கட்டங்கள். அத்தனை முள்ளம்பன்றிகளையும் கழற்றி எங்கேயோ ஒளித்துவைத்திருந்தார். சுவர் அகலத்துக்கு இருந்த டிவியின்மேல் பட்டுத் துணி போர்த்தி, அதன் முன்னால் பிள்ளையாரை உட்காரவைத்திருந்தார்.

"மனசு அலைபாயக் கூடாது பாருங்க" என்று சிரித்தார் சம்பந்தி. சிரிக்கும்போது கண் துணிப் பக்கம் போனது. பிள்ளையாரும் கொஞ்சம் தர்மசங்கடமாகத்தான் இருந்தார்.

இரவுச் சாப்பாட்டில் அவர் எனக்குப் பரிமாறிக்கொண்டே இருந்தார். நான் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நடுவில் அவருடைய ஃபோன் மினுங்கும். பார்க்காமல் கவிழ்த்து வைப்பார். அறுபது பேரை அழைத்திருந்தார்கள். பாதிப் பேருக்குத் திங்கட்கிழமை சாயங்காலம் காய்ச்சல் வரப்போவது வெள்ளிக்கிழமையே தெரிந்துவிட்டதாம். ஒருவர் மனைவிக்கு இடுப்புப் பிடிக்கப்போகிறது என்று குறிப்பாகவே எழுதியிருந்தார்.

"மாத்திரலாமா சம்பந்தி?" என்று என் தொண்டை வரை வந்தது. "மாத்திருங்களேன் சம்பந்தி" என்று அவர் தொண்டை வரையும் வந்திருக்கும். இரண்டு பேரும் ரசம் ஊற்றிக்கொண்டோம்.

சனிக்கிழமை காலையில் கோயில் குருக்கள் வந்தார். இளவயது, கண்ணாடி, காரில் வந்து இறங்கும்போதே நாலு வீட்டு கிரகப்பிரவேசத்தை ஃபோனில் முடித்துவிட்ட சுறுசுறுப்பு. சாமான் பட்டியலைச் சரிபார்த்துவிட்டு, நிச்சய ஓலை எழுதப் பேனாவைத் திறந்தார்.

"லக்னம் என்ன போட்டிருக்கா?"

ஜோசியர் எழுதிக்கொடுத்த துண்டுச் சீட்டை எடுத்தேன். "மகர லக்னம் சாமி."

குருக்கள் பேனாவை மூடினார். "சாயங்காலம் ஏழு மணிக்கு, தை மாசத்துல, மகர லக்னமா? எப்படி சார் வரும்? தை மாசம் சூரியன் உதிக்கறதே மகர லக்னத்துல. அஸ்தமிச்சப்புறம் ஓடறது கடகம். அந்தச் சீட்டைக் குடுங்கோ."

கொடுத்தேன். படித்தார். "திங்கள் காலை ஆறரைக்கு மேல் ஏழரைக்குள்னு கொட்டை எழுத்துல இருக்கே. இது எப்படி சாயங்காலம் ஆச்சு?"

ஹாலில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிள்ளையார் உட்பட.

எப்படி ஆயிற்று என்று சொல்லிவிடுகிறேன். ஜோசியர் கொடுத்த நேரத்தை அச்சுக் கோக்க உட்கார்ந்தபோது எனக்கு ஒரு ஞானோதயம் வந்தது. அட, விசேஷம் நடப்பது அமெரிக்காவில் ஆயிற்றே! நமக்குக் காலை என்றால் அவர்களுக்கு மாலை. அரை மணி கூட்டணும். ஏழிலிருந்து எட்டு. யாரையும் கேட்கவில்லை. மகளோடு தினமும் வீடியோவில் பேசுகிறவனுக்கு இதுகூடத் தெரியாதா என்கிற நினைப்பு. முப்பது வருடத்தில் ஊரார் முகூர்த்தத்தில் ஒரு நிமிஷம் தப்பு விட்டதில்லை நான்.

குருக்களுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. "டைம் ஸோன் மாத்தினேளா?"

"ஆமாங்க சாமி."

"முகூர்த்தம் என்ன கான்ஃபரன்ஸ் காலா சார், அங்கே அந்த மணி, இங்கே இந்த மணின்னு மாத்தறதுக்கு? அந்தந்த ஊர் சூரியனுக்கு அந்தந்த ஊர் லக்னம். ஈரோட்டுல காலையில் மகரம்னா ஆலன்லயும் காலையிலதான் மகரம்." கொஞ்சம் யோசித்தார். "இன்னொண்ணு. நீங்க மாத்தினதாவது சரியா மாத்தினேளா? ஈரோட்டுல திங்கக்கிழமை காலைன்னா இங்கே ஞாயித்துக்கிழமை சாயங்காலம்னா வரணும்? திங்கக்கிழமை சாயங்காலம் எங்கேர்ந்து வந்தது?"

ஒரே வரியில் இரண்டு தப்பு. இந்திய சாஸ்திரப்படியும் இல்லை, அமெரிக்கக் கடிகாரப்படியும் இல்லை. இரண்டு நாட்டிலும் செல்லுபடியாகாத ஒரு நேரத்தை நயமான தாளில், தங்க எழுத்தில், முந்நூறு பிரதி அச்சடித்து, குடியேற்ற அதிகாரி முதல் காவலாளி வரை விநியோகம் செய்திருக்கிறேன். சாந்தி என்னைப் பார்த்த பார்வையை விவரிக்கத் தமிழில் சொல் உண்டு, அச்சில் ஏறாது.

சம்பந்தி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மிகமிகச் சாதாரணமான குரலில், சும்மா தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவரைப் போலக் கேட்டார்: "அப்படின்னா சாமி, இங்கே அது எத்தனை மணிங்க?"

குருக்கள் ஃபோனில் பஞ்சாங்கத்தைத் தட்டினார். "ஆலன்ல உதயமே ஏழரை மணி வாக்குல. எட்டே முக்காலுக்கு ராகு காலம் வந்துடும். ஏழரைக்கு மேல எட்டரைக்குள்ள தட்டு மாத்திடலாம். காலையிலேயே."

"காலையிலேயே" என்றார் சம்பந்தி.

"காலையிலேயே."

"ஒரு நிமிஷம்" என்று எழுந்து பக்கத்து அறைக்குப் போனார். கதவு சாத்தும் சத்தம். அதன்பின் ஐம்பத்தைந்து வயது மனிதர் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஊளையிட்டால் என்ன சத்தம் வருமோ அந்தச் சத்தம். திரும்பி வந்தவர் முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது. "சாஸ்திரம்னு ஒண்ணு இருக்கறப்போ நாம மீற முடியுமாங்க?" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிடித்த பிடியில் மோதிரம் அழுந்தியது. முப்பது வருடக் காத்திருப்பு அத்தனையும் அதில் இருந்தது.

நேரம் மாறிய செய்தியைக் கார்த்திக் வாட்ஸாப்பில் போட்டான். பத்து நிமிடத்தில் ஆலனைச் சுற்றி ஒரு மருத்துவ அதிசயம் நிகழ்ந்தது. அத்தனை காய்ச்சலும் இறங்கியது. வரப்போகிற இடுப்புப் பிடிப்பு வராமலே குணமானது. 'பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்' என்று ஒருவர் கும்பிடும் கைகள் ஆறு ஜோடி போட்டிருந்தார்.

திங்கட்கிழமை அரசு விடுமுறை. ஏழு மணிக்கு இருட்டாகத்தான் இருந்தது, புல்வெளியெல்லாம் உறைபனி. அறுபது பேர் பட்டுப்புடவைக்குமேல் கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டு வந்து குவிந்தார்கள். ஏழே முக்காலுக்கு நானும் சம்பந்தியும் தட்டு மாற்றினோம். யாழினி என்னைப் பார்த்துச் சிரித்தாள். பத்து விரல் நகமும் மருதாணியோடு முழுசாக இருந்தது. எனக்குக் கண் கலங்கியது. வெங்காயச் சட்னியின் மேல் பழியைப் போட்டேன். எட்டரைக்கு இட்லி, பொங்கல். ஒன்பதரைக்குப் பிள்ளையாரைப் பூஜையறைக்குக் குடிமாற்றினார்கள். பத்து மணிக்குச் சுவரில் வெறும் ஆணி ஒன்றுகூட மிச்சமில்லை. எங்கே திரும்பினாலும் முள்ளம்பன்றி சிலிர்த்துக்கொண்டு நின்றது.

மாலை ஆறரைக்கு அதே அறுபது பேர், அதே ஹால். பட்டு போய்க் கத்தரிப்பூ நிற பனியன் வந்திருந்தது. எனக்கும் ஒன்று மாட்டிவிட்டார்கள். காலை வடையில் மிச்சம், கோழி இறக்கை, வெண்ணெய்ப்பழத்தை அரைத்த பச்சைத் துவையல் ஒன்று. "சம்பந்தி பக்கத்துல உக்காருங்க" என்று டிவிக்கு நேர் எதிரே, மணவறையில் இடம் கொடுப்பதைப் போல, எனக்கு இடம் கொடுத்தார் ராஜமாணிக்கம்.

ஆட்டத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஒருவனைக் கூட்டமாக அடித்தால் எனக்குப் புரியும். முதல் பத்து நிமிடத்திலேயே முள்ளம்பன்றிகள் மூன்று முறை பந்தைத் தவறவிட்டார்கள். எதிரணிக்காரர்கள் அதைப் பொறுக்கிக்கொண்டு, தடுப்பார் யாருமின்றி, ரேஷன் கடை திறந்ததும் ஓடுகிற ஓட்டம் ஓடினார்கள். ஒரு முள்கூடக் குத்தவில்லை. ஏழரைக்கு இரண்டு குடும்பங்கள், காலையில் சீக்கிரம் எழுந்தது, தூக்கம் வருகிறது என்று கிளம்பின. இடைவேளை வருவதற்குள் புள்ளிக்கணக்கைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. கார்த்திக், "டாட், ஷட் இட் ஆஃப்" என்றான். அவர் காதில் விழவில்லை.

நான் ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். என்ன சொல்வது? அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றா?

ராஜமாணிக்கம் கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு ஆகப் பத்து நிமிடம். மெல்ல என் பக்கம் சாய்ந்து, தலையை என் தோளில் வைத்தார். பனியன் ஈரமாவது தெரிந்தது.

"ஏழுல இருந்து எட்டு" என்றார். "உங்க நேரப்படி நடந்திருந்தா இந்தக் கண்றாவி எதையும் நான் பாத்திருக்க மாட்டேன். பூஜையில உக்காந்திருப்பேன். முள்ளம்பன்றி ஜெயிச்சிருக்கும்னு கடைசி வரைக்கும் நெனச்சுட்டிருப்பேன். எவ்வளவு நல்ல நேரமுங்க அது!"

"சாமிதானுங்க கெடுத்துட்டாரு" என்றேன், குடும்ப ஒற்றுமையைக் கருதி.

"ஆமாங்க." மூக்கை உறிஞ்சினார். "கல்யாணத்துக்கும் நீங்களே நேரத்தை மாத்திக் குடுத்துருங்க சம்பந்தி. யார்கிட்டயும் காட்டாதீங்க."